தடுப்புச்சுவரில் ஒரு வழி

என் மகளை எதிர்வீட்டில் கட்டிக்கொடுத்தபோது இந்தச் சாலை பதினெட்டு அடி. நான் தையல்காரி, குத்துமதிப்பாகச் சொல்ல மாட்டேன். டேப்பை வைத்து அளந்தே பார்த்தேன். மாப்பிள்ளை எப்படி, குடும்பம் எப்படி என்று என் கணவர் நாலு பேரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பதினெட்டு அடியே போதுமானதாக இருந்தது. ஒன்பது எட்டு வைத்தால் அவள் வாசல். பெண்ணைக் கட்டிக்கொடுத்த பிறகும் கண் முன்னாலேயே வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டுத்தான் சம்மதம் சொன்னேன்.

என் மெஷின் முன்னறை ஜன்னலை ஒட்டி இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் எதிர்வீட்டுச் சமையலறை, கூடம், மாடிப்படி எல்லாம் தெரியும். மகள் காலையில் விளக்கைப் போடும் நேரம், மாப்பிள்ளை வண்டியை எடுக்கும் நேரம், அவளுடைய மாமியார் பாத்திரத்தை ணங்கென்று வைக்கும் நேரம் எல்லாம் எனக்கு அத்துப்படி. பாத்திரம் கொஞ்சம் பலமாக விழுந்தால் போதும், ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழுந்துவிடுவேன்.

"என்ன சம்பந்தி, கை வழுக்கிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே நுழைவேன்.

சம்பந்தியம்மாவும் லேசுப்பட்ட ஆள் இல்லை. "வழுக்கலை சம்பந்தி. எவ்வளவு சீக்கிரம் வரீங்கன்னு பாத்தேன்" என்பாள்.

கல்யாணமான இரண்டாவது வருஷம் சாலையை அகலப்படுத்த வந்தார்கள். மாநில நெடுஞ்சாலை என்று பெயர் வைத்துக்கொண்டு இவ்வளவு ஒல்லியாக இருக்கக் கூடாதாம். இடுப்பு பெருத்தவருக்குப் பேன்ட்டைப் பிரித்துவிடுகிற வேலைதான் அது. ஆனால் எந்தத் தையல்காரியும் அவர்களைப் போல் செய்தால் அடி வாங்குவாள். ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போனவர்கள் அடுத்த மழைக்குத்தான் தலைகாட்டினார்கள். தார் போட்ட மறுவாரமே குழாய்க்காரர்கள் வந்து தோண்டினார்கள். தோண்டியதை மூட இன்னொரு கூட்டம், மூடியது சரியில்லை என்று சொல்ல மற்றொரு கூட்டம். மூன்று வருஷத்தில் ஆறு அடி கூடியது. சாதாரணமாகப் பேசினால் அங்கே கேட்காது, கத்த வேண்டும் என்று ஆயிற்று.

"கத்துறதுல உனக்கென்ன கஷ்டம்?" என்றார் என் கணவர். அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் ஹாரனோடு வாழ்ந்ததால்தான் என்னோடும் வாழ முடிகிறது என்று பிறரிடம் சொல்லுவார்.

இரண்டாம் தடவை இரண்டு ஓரங்களிலும் தார் போட்டு முப்பத்து மூன்று அடி ஆக்கினார்கள். லாரிகள் வந்தன. நான் கத்தினால் டிரைவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், மகள் பார்க்கவில்லை. போன் எதற்கு இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அவள் பள்ளிக்கூட டீச்சர். போனின் வாயைக் கட்டிப் பைக்குள் போட்டுவிட்டால் அவளுக்கே அது எங்கே இருக்கிறதென்று தெரியாது. அதனால் துண்டு முறையைக் கொண்டுவந்தேன். ஜன்னல் கம்பியில் பச்சைத் துண்டு தொங்கினால் போனை எடு. மஞ்சள் தொங்கினால் சமைக்காதே, சாப்பாடு வருகிறது. சிவப்பு தொங்கினால் நானே வருகிறேன். பெரும்பாலும் சிவப்புதான் தொங்கும். அதுவும் ஒரு மரியாதைக்குத்தான். அவள் துண்டைப் பார்ப்பதற்குள் நான் அவள் சமையலறையில் நிற்பேன்.

சாலையைக் கடப்பதுதான் கொஞ்சம் சிரமம். என் கணவர் வாசலில் நின்று கையைக் காட்டுவார். அவர் கையில் என்ன இருக்கிறதோ, பாரம் ஏற்றிய லாரிகூட நின்றுவிடும். நான் மகாராணி மாதிரி நடந்து போவேன்.

இப்படிப் பதினோரு வருஷம் ஓடியது. அப்புறம் மூன்றாவது தடவையாக வந்தார்கள். இந்த முறை நாலு வழிச் சாலை. எங்கள் முன்முற்றம் முழுக்கப் போயிற்று, என் மெஷினுக்கும் சாக்கடைக்கும் நடுவே ஒரு சுவர்தான் மிச்சம். அதற்கெல்லாம் நான் கலங்கவில்லை. சாலைக்கு நடுவே நெஞ்சளவு உயரத்துக்குச் சுவர் எழுப்பி, அதற்கு மேல் ஆள் ஏறாதபடி கம்பி போடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோதுதான் மெஷினை விட்டு எழுந்தேன்.

மேற்பார்வைக்கு ஓர் இன்ஜினியர் வருவார். எப்போதும் மஞ்சள் ஹெல்மெட் போட்டிருப்பதால் மஞ்சத்தொப்பி என்று பெயர் வைத்துவிட்டோம். அவரைப் பிடித்தேன்.

"சுவர்ல எங்க வாசலுக்கு நேரா ஒரு வழி விடுவீங்களா, மாட்டீங்களா?"

"பெட்ரோல் பங்க்கிட்ட ஒரு வழி உறுதிம்மா. இங்க ஒண்ணு விடலாம்னு வரைபடத்துல இருக்கு. ஆனா பக்காவா முடிவாகலை. விடலாம், விடாமலும் போகலாம்."

"விடலைன்னா?"

"பங்க் வரைக்கும் போய்த் திரும்பி வரணும்."

பங்க் இங்கிருந்து தொள்ளாயிரம் மீட்டர். போக தொள்ளாயிரம், அந்தப் பக்கமாக வர தொள்ளாயிரம். ஒன்பது எட்டு வைத்துப் போன வீட்டுக்கு ஒன்றே முக்கால் கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். என் முழங்கால் இருக்கிற லட்சணத்துக்கு வாரம் ஒருமுறை போனாலே பெரிது. என் மகள் கைக்கு எட்டாமல் போய்விடுவாள் என்று அன்றைக்கு முழுக்க எதுவும் ஓடவில்லை. ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்தேன்.

"மனு கொடுங்கம்மா, பார்க்கலாம்" என்றிருந்தார் மஞ்சத்தொப்பி. சரி, மனு என்றால் மனு.

ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு மஞ்சள், சிவப்பு, பச்சை மூன்று துண்டையும் தொங்கவிட்டேன். தலைதெறிக்க ஓடி வந்தாள். விஷயத்தைச் சொல்லி, பேப்பரையும் பேனாவையும் கொடுத்து உட்காரவைத்தேன். நான் சொல்லச் சொல்ல எழுது என்றேன்.

"நீ சொல்ற மாதிரி எழுதினா குப்பையிலதான் போடுவாங்க. ஆபீஸ் பாஷையில எழுதணும். என்கிட்ட விடு" என்றாள்.

ஒன்றரைப் பக்கம் எழுதினாள். முத்து முத்தான கையெழுத்து. பார்க்கவே பெருமையாக இருந்தது.

"படிச்சுப் பாரும்மா" என்றாள்.

"நீ எழுதினதை நான் என்ன படிக்கறது!" என்று கண்ணாடியைக்கூடத் தேடாமல் முதல் கையெழுத்தைப் போட்டேன். மகள் மேல் நம்பிக்கை என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் சோம்பேறித்தனம்.

மூன்று நாள் சாலையின் இரண்டு பக்கமும் வீடு வீடாக ஏறி இறங்கினேன். நாற்பத்து மூன்று கையெழுத்து வாங்கினேன். ஒருவரும் எதற்கு என்று கேட்கவில்லை. கேட்க முடியாது. பாதிப் பேருடைய துணி என்னிடம் வெட்டாமல் கிடக்கிறது, இன்னும் பாதிப் பேருக்கு வெட்டியாகிவிட்டது. சம்பந்தியம்மா என்னை வாசலிலேயே நிறுத்தி, "பேனா கொடுங்க, எங்க வேணா போடறேன்" என்றாள். அந்த அவசரம் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது.

மருந்துக்கடைக்காரர் ஒருவர்தான் படித்தார். எழுத்துப் புரியாத சீட்டுகளைப் படித்தே பழகினவர், விடுவாரா? முழுக்கப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"நல்லா யோசிச்சுட்டீங்களாக்கா?"

"பதினோரு வருஷமா யோசிச்சுட்டுத்தான் இருக்கேன்" என்றேன்.

அவர் மறுபேச்சுப் பேசாமல் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

மஞ்சத்தொப்பி மனுவை நின்றுகொண்டே வாசித்தார். வாசிக்க வாசிக்க முகம் மலர்ந்துகொண்டே போயிற்று. கடைசியில் எழுந்து... நின்றுகொண்டுதான் இருந்தார், ஆனாலும் இன்னும் கொஞ்சம் எழுந்த மாதிரி நின்று, எனக்குக் கும்பிடு போட்டார்.

"இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு மனுவை நான் பாத்ததில்லைம்மா. கவலையே படாதீங்க. நான் பொறுப்பு."

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் அளந்தேன். அதிகாரியை மடக்குவது எப்படி என்று அன்று முழுக்க அவருக்குப் பாடம் நடந்தது. பாவம், தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்று வாரத்தில் சுவர் வந்தது. பங்க் பக்கமிருந்து அச்சை வைத்துக் காங்கிரீட்டை ஊற்றி, நாளுக்கு நூற்று நாற்பது, நூற்றைம்பது அடி என்று நகர்ந்து வந்தார்கள். ஒரு நாள் காலை எங்கள் வாசலுக்குப் பத்தடி தூரத்தில் நின்றது. இங்கேதான் நிறுத்துவார்கள் என்று நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். நிறுத்தவில்லை. அச்சைத் தூக்கி எங்கள் வாசலுக்கு நேரே வைத்து ஊற்ற ஆரம்பித்தார்கள். கத்திரிக்கோலும் கையுமாக நடுரோட்டுக்கு ஓடினேன்.

"யோவ், நிறுத்து! வழி எங்கய்யா?"

மஞ்சத்தொப்பி ஓடி வந்தார். கத்திரிக்கோலைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார்.

"வழி வேண்டாம்னு நீங்கதானேம்மா எழுதிக் கொடுத்தீங்க?"

"யாரு, நானா?"

ஜீப்பிலிருந்து ஃபைலை எடுத்துவரச் சொன்னார். பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தது என் மனு. உரக்க வாசித்தார். இந்த இடத்தில் வழி விட்டால் விபத்து நேரும், குடியிருப்போரின் நிம்மதி கெடும், ஆகவே எக்காரணம் கொண்டும் திறப்பு எதுவும் அமைக்காமல் சுவரைத் தொடர்ச்சியாகக் கட்டித் தரும்படி கீழே கையெழுத்திட்டுள்ள நாங்கள் அனைவரும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அடியில் முதல் கையெழுத்து என்னுடையது.

"எல்லாரும் வழி கேட்டுத்தான் மனு கொடுப்பாங்க. நாங்க முடியாதுன்னு எழுதி எழுதி எங்க கையே தேஞ்சுபோச்சு. நீங்க ஒருத்தர்தான் எங்களால செய்ய முடிஞ்சதைக் கேட்டீங்க. மேலிடத்துக்குக்கூட அனுப்பி வெச்சேன்" என்றார். அவர் கண்ணில் நன்றியே தெரிந்தது.

முதலில் சம்பந்தியம்மாதான் காகிதத்தை மாற்றிவிட்டாள் என்று நினைத்தேன். அப்படி நினைக்க ஆசையாகவும் இருந்தது. ஆனால் அந்த முத்து முத்தான எழுத்து வேறு யாருக்கும் வராது.

எதிர்வீடு கண் முன்னால் இருந்தது. நடுவே ஈரச் சுவர். என் கணவர் வண்டிச் சாவியோடு வந்து, "கொண்டுபோய் விடவா?" என்றார். வேண்டாம் என்று நடந்தேன். பங்க் வரை திட்டிக்கொண்டே போனேன். அங்கே விட்டிருந்த வழியில் திரும்பி, அந்தப் பக்கமாக வரும்போது என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசையாக அடுக்கினேன். அவள் இல்லை என்று மறுப்பாள், அப்போது இதைக் கேட்கலாம். அழுவாள், அப்போது அதைச் சொல்லலாம்.

சம்பந்தியம்மா கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்தாள். "உள்ள இருக்கா. நான் மாடியில துணி எடுக்கணும்" என்று போய்விட்டாள். மாடியில் ஒரு துணியும் காயவில்லை, எனக்குத் தெரியும்.

மகள் கூடத்தில் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"நீயாடி எழுதினே?"

"ஆமாம்மா."

அடுக்கி வைத்த அத்தனையும் வீணாகப் போயிற்று.

"என் கையிலயே கொடுத்து, ஊரெல்லாம் அலைய வெச்சியேடி!"

"அது தப்புதான்." பேனாவை மூடி வைத்தாள். "நீ படிப்பேன்னு நெனச்சேன். படிச்சதும் தாம்தூம்னு குதிப்பே, அப்போ எல்லாத்தையும் சொல்லிடலாம்னு இருந்தேன். நீ படிக்கவே இல்லை. மறுநாளும் படிக்கலை. மருந்துக்கடைக்காரர் எனக்கு போன் பண்ணிக் கேட்டார். அப்பவும் எனக்குத் தைரியம் வரலை."

"நான் என்ன பண்ணினேன் உனக்கு? சொல்லு. சமைச்சுக் கொண்டுவந்தது தப்பா? பாத்திரம் விழுந்தா என்ன ஏதுன்னு ஓடி வந்தது தப்பா?"

"போன வருஷம் எனக்கும் அவருக்கும் சண்டை வந்துச்சே."

"எந்தச் சண்டை?"

"பாத்தியா? எதுன்னு கேக்கற அளவுக்கு உனக்கு எல்லாம் தெரியும்." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "அவர் மாத்தல் வாங்கிட்டு வேற ஊருக்குப் போயிடலாம்னு சொன்னார். நான் முடியாதுன்னேன். ஏன் முடியாதுன்னு கேட்டார். நான் பதில் சொல்றதுக்குள்ள நீ வந்து நடுவுல நின்னே. அவர் வாங்க அத்தைன்னு சொல்லிட்டு வெளியே போயிட்டார். அந்தச் சண்டை இன்னும் முடியலைம்மா. பதினோரு வருஷத்துல நாங்க ஒரு சண்டையைக்கூட முழுசாப் போட்டதில்லை. எல்லாம் பாதி பாதியா வீடு பூரா கெடக்கு."

அப்படி நடுவில் போய் நின்றதாக எனக்கு ஞாபகமே இல்லை.

"சொல்லியிருக்கலாமே. வராதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். நெறைய தடவை சொன்னேன். நீ சரி சரின்னு சொல்லிட்டு, அரை மணி நேரத்துல வந்து, கோவம் போயிடுச்சான்னு கேப்பே." அவள் குரல் உடைந்தது. "அவர் ரெண்டுல ஒண்ணு சொல்லச் சொல்லிட்டார்மா. நான் உன்னை விட்டுட்டு வேற ஊருக்குப் போக மாட்டேன். அதனாலதான் அவர்கிட்ட சொன்னேன், சுவர் வருது, கொஞ்சம் பொறுங்கன்னு. இங்கயே இருக்கறதுக்கு எனக்கு வேற வழி தெரியலை."

கூடத்து ஜன்னல் வழியாக என் வீட்டைப் பார்த்தேன். பதினோரு வருஷமாக அங்கிருந்து இங்கே பார்த்தவள், இங்கிருந்து ஒரு தடவைகூட அங்கே பார்த்ததில்லை. என் ஜன்னல் பெரிதாக, பப்பரப்பே என்று திறந்து கிடந்தது. மெஷின் தெரிந்தது. அங்கே யார் உட்கார்ந்திருந்தாலும் முகம் இந்தக் கூடத்தைத்தான் பார்க்கும்.

"கொண்டுவந்து விடறேன், இரும்மா" என்றாள். வேண்டாம், எனக்கு வழி தெரியும் என்று சொல்லிவிட்டு வந்தேன். பங்க் வரை அழுதேன். வேறு எதைச் சொல்லி மழுப்பினாலும் அதுதான் உண்மை. என் கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று லாரிக்காரர்கள் நினைத்திருப்பார்கள்.

பிறகு பத்து நாள் நான் போகவில்லை. கோபம் என்று என் கணவர் நினைத்தார். கோபம்தான், ஆனால் யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மெஷினைப் பின்னறைக்கு மாற்றலாமா என்று அவரிடம் கேட்டேன். பின்னறையில் வெளிச்சம் போதாது என்றார். அதனால் முன்னறையிலேயே தைத்தேன். பார்க்காமல் இருக்க முயற்சி செய்தேன் என்று சொன்னால் பொய். கொஞ்சம் குறைவாகப் பார்த்தேன்.

பதினோராம் நாள் சாயங்காலம், மாப்பிள்ளை வேலையிலிருந்து வந்த கொஞ்ச நேரத்தில், எதிர்வீட்டுக் கூடத்தில் விளக்கு எரிந்தது. திரையைக்கூட மூடவில்லை. இரண்டு பேரும் எதிரெதிரே நின்றிருந்தார்கள். லாரிச் சத்தத்தில் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்கவும் வேண்டாம், கைகளைப் பார்த்தாலே சண்டை என்று தெரிந்தது. மாப்பிள்ளை கதவைக் காட்டி ஏதோ சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். அவர் சாவியைத் தூக்கி எறிந்தார், அது சுவரில் பட்டு விழுந்தது.

என் கால் தானாக எழுந்துவிட்டது. வாசலுக்கு ஓடினேன். நடுவே சுவர், கம்பி, நாலு வழியிலும் லாரிகள். என் முகத்தைப் பார்த்த உடனே என் கணவர் வண்டியை எடுத்து வந்துவிட்டார்.

"ஏறு. நாலே நிமிஷத்துல அங்க இருப்பே."

ஏறி உட்கார்ந்தேன். அவர் ஸ்டார்ட் செய்து கியரைப் போட்டார். நான் கம்பி வழியாக அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகள் இரண்டு கையையும் விரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். நிறுத்தாமல் பேசினாள். மாப்பிள்ளை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு தடவைகூட வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை. நான் வருவேன் என்று அந்த வீட்டில் யாரும் எதிர்பார்க்கவில்லை.

நான் வண்டியை விட்டு இறங்கினேன்.

"என்னாச்சு?" என்றார் என் கணவர். "போக வேண்டாமா?"

"வண்டியை உள்ள வைங்க" என்றேன். "அவ இன்னும் பேசி முடிக்கலை."